டைவி ஆற்றுப் பரிசலும் ஊட்டமலை மாமாவும்

ஒகேனக்கலுக்கு வந்து போகிறவர்கள் அருவியைப் பற்றி எழுதுகிறார்கள், மீன் வறுவலைப் பற்றி எழுதுகிறார்கள், பரிசலைச் சுற்றிவிட்டதும் தலை கிறுகிறுத்ததை வீடியோவாகப் போடுகிறார்கள். அந்தப் பரிசலைக் கட்டியவர் யார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. என் அம்மாவின் தம்பி ஊட்டமலையில் வாழ்நாள் முழுக்கப் பரிசல் கட்டியவர். அதனால் இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். போன வருடம் பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸுக்குப் போய், அங்கே இதே வேலைக்கு என்ன மரியாதை இருக்கிறது என்று நேரில் பார்த்த பிறகு அது இன்னும் கூடிவிட்டது.

அக்கா அங்கே கார்மார்தன் பக்கம் நர்ஸாக இருக்கிறாள். "உனக்குன்னே ஒரு இடம் இருக்கு, வாடி" என்று என்னைக் கூட்டிப் போனது கெனார்த் என்ற சின்ன ஊருக்கு. டைவி ஆறு பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு இறங்கும் இடம் அது. கரையில் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாவு ஆலை ஒன்றும், அந்த வளாகத்திலேயே பரிசலுக்கென்று ஒரு காட்சியகமும் இருக்கின்றன. வேல்ஸ், இங்கிலாந்து, அயர்லாந்துப் பரிசல்களோடு வியட்நாம், திபெத், ஈராக் பரிசல்களும் வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் என் கண் இந்தியப் பரிசலைத்தான் தேடியது. இருந்தது! பக்கத்தில் நின்று அக்கா என்னைப் போட்டோ எடுத்தாள்.

அவர்களுடைய பரிசல் நம்முடையதைப் போல வட்டமாக இல்லை. நீள்வட்டத்தை முன்பக்கம் கொஞ்சம் தட்டையாக்கி, நடுவில் இடுப்புப் பிடித்த மாதிரி இருக்கிறது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். நடுவில் குறுக்காக ஒரு பலகை, அதில்தான் உட்கார வேண்டும். பலகையோடு ஒரு வார் சேர்த்திருக்கிறார்கள். மீன் பிடித்து முடிந்ததும் பரிசலைக் கவிழ்த்து, வாரை உடம்பில் மாட்டி முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடலாம். பின்னாலிருந்து பார்த்தால் ஆமைக்குக் கால் முளைத்து நடக்கிற மாதிரி இருக்கும். பதினைந்து கிலோ அளவுக்குத்தான் எடை. ஒரு ஆளுக்கு ஏற்ற சுமை அவன் பரிசல் என்று வேல்ஸ் மொழியில் பழமொழியே இருக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு பரிசல் என்று அவர்கள் பிரித்து வைத்திருப்பது. டைவி ஆற்றுப் பரிசலுக்கு வில்லோ மரத்தைப் பிளந்து சீவிய பட்டைகள். அதே வேல்ஸில் டவி ஆற்றுக்குப் போனால் ஆஷ் மரத்துப் பட்டைகள், வடிவமும் வேறு. இங்கிலாந்துப் பக்கம் செவர்ன் ஆற்றில் அயர்ன்பிரிட்ஜ் ஊர்ப் பரிசல் இன்னொரு மாதிரி. அந்த ஊரில் 1779இல் இரும்பாலேயே ஒரு பாலம் கட்டினார்கள். பாலத்தில் நடந்து போனாலும் சுங்கம். அந்தக் காசைக் கொடுக்காமல் ஆற்றைக் கடக்கப் பரிசல் உதவியதாம். ஆற்றின் வேகம், ஆழம், கரையில் என்ன மரம் கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் வடிவம் வந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தே எந்த ஆற்றுப் பரிசல் என்று சொல்லிவிடுவார்கள்.

கட்டும் முறையை நான் விலாவாரியாகக் கேட்டுக்கொண்டேன், மாமாவிடம் சொல்ல வேண்டுமே. வில்லோக் கொம்பை நெடுக்குவாட்டில் பிளந்து சீவி, வளைகிற பதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். பட்டைகளைத் தரையில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பின்னி, மூலைக்கு மூலையும் சிலவற்றைக் கொடுக்கிறார்கள். பின்னலின் மேல் கனமான கற்களை ஏற்றி அடிப்பாகம் எழும்பாமல் அமுக்கிவிட்டு, நுனிகளை மேலே வளைக்கிறார்கள். அப்புறம் ஹேசல் என்ற செடியின் மெல்லிய குச்சிகளைச் சடை பின்னுவது போல விளிம்பு சுற்றி முறுக்கிப் பின்னுகிறார்கள். கூடு நன்றாகக் காய்ந்து வடிவம் நின்ற பிறகுதான் மேலுறை. ஒரு காலத்தில் மாட்டுத்தோலும் குதிரைத்தோலும். பிற்பாடு காடாத்துணி மாதிரிப் பருத்தித் துணியை இழுத்துக் கட்டி, தாரில் ஆளிவிதை எண்ணெய் கலந்து பூசினார்கள். வெறும் தார் குளிரில் வெடித்துவிடும்.

ஊருக்கு வந்ததும் முதல் ஞாயிற்றுக்கிழமையே பென்னாகரம் வழியாக ஊட்டமலைக்குப் போய்விட்டேன். மாமா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ஒவ்வொரு போட்டோவையும் பெரிதாக்கிப் பார்த்தார். கற்கள் வைத்திருக்கும் படம் வந்ததும் நிறுத்திவிட்டார்.

"கல்லு வெச்சிருக்கான் பாரு கண்ணு! நாங்களும் அப்படித்தான். கல்லு இல்லன்னா மூங்கில் துள்ளும்."

"விளிம்பைப் பாருங்க மாமா."

விரலால் அந்தப் பின்னலைத் தடவிப் பார்த்தார், போன் திரைதான் என்றாலும். "நாங்க மூங்கில் பட்டையை வெச்சு இறுக்கிக் கட்டுவோம். இவன் பின்னிட்டான். இது அவ்வளவு லேசுல அவுராது." கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு ஆளுக்கு மட்டும் கட்டுனா சம்சாரம், புள்ளைங்க எல்லாம் அந்தக் கரைக்கு எப்படிப் போவாங்க?" என்று கேட்டார்.

மாமாவுக்குப் பரிசல் என்றால் அக்கரைக்குப் போகிற வண்டி. நாலைந்து பேர், அரிசி மூட்டை, ஆட்டுக்குட்டி எல்லாம் ஏறும். அவர்களுக்கு அது மீன்பிடிக் கருவி. இரவில் இரண்டு பேர் ஆளுக்கொரு பரிசலில் ஏறி, இரண்டுக்கும் நடுவே வலையைப் பிடித்துக்கொண்டு நீரோட்டத்தோடு மிதந்து போவார்கள். ஒரு கையில் வலைக் கயிறு, இன்னொரு கையில் துடுப்பு. சால்மன் மீனும், சூவின் என்று அவர்கள் சொல்லும் கடல் டிரவுட்டும்தான் குறி.

அந்தத் தொழில் சுருங்கிப் போனதைத் தெரிந்துகொண்டபோது கஷ்டமாக இருந்தது. 1930களில், கடல்நீர் ஏறி இறங்குவது எட்டாத டைவி ஆற்றுப் பகுதியில் பரிசல் வலைக்குப் புதிய உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். உரிமம் வைத்திருந்தவர் காலமானால் அத்தோடு அது முடிந்தது. கெனார்த் அப்படி முடிந்த இடங்களில் ஒன்று. இப்போது டைவி, டவி, டாவ் என்ற மூன்று ஆறுகளின் கீழ்ப்பகுதியில் கொஞ்ச உரிமங்களே இருக்கின்றன. 2017இல் இவர்கள் பரிசலில் பிடிக்கும் சால்மனுக்கும் சூவினுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. நம்மூரில் சேலம் ஜவ்வரிசிக்குக் கிடைத்ததே, அந்த மாதிரி. ஆனால் மூன்று வருடத்துக்குள், சால்மன் எண்ணிக்கை குறைந்துவிட்டதால், வேல்ஸ் முழுவதும் வலையில் விழும் சால்மனைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்று விதி வந்துவிட்டது. மீன் பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் அந்த ஆட்களின் நிலையை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

பிரிட்டனில் அழியும் நிலையில் உள்ள கைத்தொழில்களுக்கு ஒரு சிவப்புப் பட்டியலே போடுகிறார்கள். முதல் பட்டியல் 2017இல் வந்தது. கையால் கிரிக்கெட் பந்து செய்வது அங்கே அற்றுப்போன தொழில் என்று அதில் போட்டிருந்தார்கள். வேலை இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்துவிட்டது. சல்லடை செய்வதும் அற்றுப்போனதாக இருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு ஒருவர் அதைக் கற்றுக்கொண்டு திரும்ப ஆரம்பித்திருக்கிறார். எழுதி வைத்ததற்கு இப்படி ஒரு பலன்.

அதே பிரிட்டனில், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் நெய்யும் ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணிக்கு 1993இல் தனிச் சட்டமே போட்டார்கள். தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் வைத்துக் கையால் நெய்தால்தான் அந்தப் பெயர். கம்பளிக்குச் சாயம் போடுவது, நூற்பது, நெய்த துணிக்குச் செய்யும் கடைசி வேலை எல்லாமே அந்தத் தீவுகளிலேயே நடக்க வேண்டும். "வீட்டில்", "கையால்" என்பதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்!

நம் பக்கம் பரிசலுக்கு இன்னும் வேலை இருக்கிறது. தண்ணீர் அளவாக வந்தால் சனி ஞாயிறுகளில் துறையில் வரிசை நிற்கிறது. வெள்ளம் கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போடும், அது குறைந்ததும் மறுபடி ஓடும். ஓட்டுகிறவருக்கு வருமானம் வருகிறது, அது நல்ல விஷயம். கட்டுகிறவருக்கு என்ன வருகிறது? மூங்கில் வாங்கிய காசும் கூலியும்தான். அவர் பெயர் எங்கேயும் இல்லை. தோலுக்குப் பதிலாக பிளாஸ்டிக் சாக்கும் தாரும் வந்துவிட்டன. தோல் பரிசல் கட்டத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் வயதாகிவிட்டது.

துறையில் ஒரு பலகை வைத்தால் போதும் என்று நினைக்கிறேன். இங்கே ஓடும் பரிசல்களைக் கட்டியவர்கள் இன்னார், இன்ன ஊர் என்று. இரண்டு பெஞ்சு போட்ட கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை ஒருவர் உட்கார்ந்து கட்டிக் காட்டினால் சவாரிக்குக் காத்திருக்கிறவர்கள் பார்ப்பார்கள். அவருக்கு அன்றைய கூலியை டிக்கெட் காசிலிருந்தே கொடுக்கலாம். இதைக் கேட்டு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மனுவோடு சேர்க்க மாமா சொல்லச் சொல்லக் குறிப்பும் எடுத்து வருகிறேன். ஊட்டமலை, பென்னாகரம், மேட்டூர் பக்கத்து ஆட்கள் யாராவது படித்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இவற்றை மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்கள்: மூங்கிலை எந்த மாதத்தில் வெட்டினார்கள், தோலை எப்படிப் பதப்படுத்தினார்கள், ஒரு பரிசலுக்கு எத்தனை தோல் ஆனது, தோல் பரிசல் எத்தனை வருடம் தாங்கியது. மாமாவுக்குத் தோல் வேலை தெரியாது. அவருடைய அப்பா காலத்தோடு அது நின்றுவிட்டது.