சுவரில் ஒட்டிய டியூட்டி பட்டியல்

தீயணைப்பு வேலையில் பெரும்பாலான நேரம் தீயே இருக்காது. வண்டியைத் துடைப்பது, பம்ப்பை ஓட்டிப் பார்ப்பது, நனைந்த ஹோஸைக் காயவைப்பது, மூச்சுக்கருவி சிலிண்டரில் அழுத்தம் எவ்வளவு என்று குறித்துவைப்பது, இப்படித்தான் போகும். மனக்கசப்பும் இங்கேதான் முளைக்கும்.

என் முதல் அதிகாரி பயங்கர தைரியசாலி. புகைக்குள் முதல் ஆளாக நுழைவார். ஆனால் டியூட்டி பட்டியல் அவர் சட்டைப் பையில் இருக்கும். கூடவே சுற்றுகிறவர்களுக்கு லீவு, மற்றவர்களுக்கு இரவில் தொலைபேசிக்குக் காவல். அதற்காக நாங்கள் யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. மணி அடித்தால் ஓடினோம். அடிக்காத நேரத்தில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை, அவ்வளவுதான். ஒரு ஹோஸ் இணைப்பில் வாஷர் தேய்ந்துபோயிருந்ததை மூன்று பேர் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மூவரில் நானும் ஒருவன்.

அடுத்து வந்தவர் சிடுமூஞ்சி. வந்த வாரமே ஒரு மாதப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார். ஹோஸ் காயவைக்கும் வரிசையில் அவர் பெயரும் இருந்தது. நான் கேட்ட லீவை அவரும் மறுத்தார். "உனக்கு முன்னாடியே ரெண்டு பேர் எழுதிக் கொடுத்துட்டாங்க. மூணாவது ஆளும் போனா வண்டியில ஏற ஆள் இல்ல. அவங்கள்ல யாராவது மாத்திக்கிட்டா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். கோபம் வந்தது, சாயங்காலத்துக்குள் போயும்விட்டது. எனக்கே ஆச்சரியம்.

பின்னால் ஒரு பயிற்சி வகுப்பில் திபோ, வாக்கர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1975-இல் எழுதியதைப் பற்றிச் சொன்னார்கள். வழக்கில் தோற்றவர்கள்கூட, தங்கள் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைத்திருந்தால் தீர்ப்பை எளிதாக ஏற்றுக்கொள்கிறார்களாம். அட, நம்ம லீவு கதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கிடங்குத் தீயில்தான் இதன் முழு அர்த்தம் புரிந்தது. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் சுமார் 1,800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம். இது காகிதக் கணக்கு, ஹோஸை இழுத்துக்கொண்டு நகர்ந்தால் சீக்கிரமே கரையும். அன்று என் மீட்டரில் இன்னும் நிறைய இருந்தது, தீயும் அடங்குகிற மாதிரி தெரிந்தது. வாக்கி டாக்கியில் "எல்லாரும் வெளிய வாங்க" என்றார் அந்தச் சிடுமூஞ்சி அதிகாரி. முதல் அதிகாரியாக இருந்திருந்தால், தன் ஆட்களை உள்ளே விட்டுப் பெயர் வாங்கிக்கொடுக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருப்பேன், இரண்டு நிமிடம் தாமதித்தும் இருப்பேன். இவர் கூப்பிட்டதும் திரும்பிவிட்டேன்.

வெளியே வந்ததும் கூரையைக் காட்டினார். இரும்புச் சட்டம் தொய்ந்திருந்தது. இரும்பு உருக வேண்டியதில்லை. 550 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே பலத்தில் ஏறக்குறைய பாதியை இழந்துவிடும். உள்ளே இருந்த எங்களுக்குப் புகையில் கூரையே தெரியவில்லை.

மறுநாள் காலை ஹோஸ் காயவைக்கும் முறை அவருடையது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, எல்லாரையும் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார்.