எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தோல் பாடம்

பேரணாம்பட்டில் உயிரியல் பாடம் எடுக்கிறேன். தோலின் குறுக்குவெட்டுப் படத்தைப் போர்டில் வரைந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அது வெறும் படமாக இருப்பதில்லை. மேல்தோல், உள்தோல், அடியில் கொழுப்பு என்று நான் கோடு போட்டுக் காட்டும் மூன்றையும் தனித்தனியாகப் பிரிக்கிற வேலையைத்தான் பலருடைய அப்பாவோ மாமாவோ தோல் பதனிடும் டேனரியில் செய்துகொண்டிருக்கிறார்.

உப்புப் போட்டு வந்த ஆட்டுத் தோலை முதலில் ஊறவைப்பார்கள். அப்புறம் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்ட தண்ணீர். அதில் மயிர் குழைந்து கழன்றுவிடும், மேல்தோலும் கூடவே போய்விடும். அடிப்பக்கத்துச் சதையையும் கொழுப்பையும் சீவி எடுத்துவிட்டால் மிஞ்சுவது நடு அடுக்கு மட்டும். செருப்பு, பெல்ட், பர்ஸ் எல்லாமே அந்த உள்தோல்தான். அதன் மேல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவை மயிர்க்கால் இருந்த குழிகள்.

மயிரைக் கரைக்கிற தண்ணீர் உள்தோலை ஏன் கரைப்பதில்லை? பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மயிர், நகம், மேல்தோலின் வெளிப்பகுதி எல்லாம் கெரட்டின் என்ற புரதம். கெரட்டினுக்கு உறுதி தருபவை கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கோத்த பிணைப்புகள். சல்பைடு அவற்றை உடைத்துவிடுகிறது. உள்தோல் கொலாஜனால் ஆனது. மூன்று சங்கிலிகள் கயிறுபோல முறுக்கிக்கொண்ட புரதம் அது. அதன் பலம் கந்தகப் பிணைப்பில் இல்லை. அதனால் நிற்கிறது. அந்த இழைகளை அழுகாமல் பிணைத்து வைக்கத்தான் இப்போது குரோமிய உப்பு, முன்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். மயிர் நீக்கும் கிரீமும் பார்லரில் முடியை நேராக்கும் மருந்தும் கை வைப்பது இதே கந்தகப் பிணைப்பில்தான் என்று சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

என் பெரியப்பா சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் பல வருஷம் நின்றவர். அவர் இருந்த இடத்தில் கையுறை கொடுத்ததில்லை. உள்ளங்கை வெடித்து, சோறு பிசையும்போது எரியும் என்பார். நம் தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, சுண்ணாம்போ கடும் காரம். மேல்தோல் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்பு போனதும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது, தோல் வறண்டு பிளக்கிறது. உள்ளங்கையில் எண்ணெய்ச் சுரப்பியும் கிடையாது, தானாக எண்ணெய் ஊறிக் காக்க வழியில்லை. இன்றைக்குத் தொட்டி வேலைக்குப் போகிற யாராக இருந்தாலும் கையுறையை உரிமையாகக் கேட்க வேண்டும்.

பெண் பிள்ளைகள் தனியாக வந்து கேட்பது நிறத்தைப் பற்றி. கறுப்பானவருக்கும் வெளுப்பானவருக்கும் மெலனின் என்ற நிறமியைச் செய்யும் செல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கின்றன. அவை எவ்வளவு மெலனின் செய்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்த மெலனின் செல்லின் உட்கருவுக்கு மேல் குவிந்து புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் நம் வேலூர் வெயிலில் அது எவ்வளவு பெரிய காவல்! அதைக் குறைக்கக் காசு கொடுத்து கிரீம் வாங்காதீர்கள் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

முடி கொட்டுகிறது என்று கவலைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தலையில் சுமார் 1 லட்சம் முடி இருக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 உதிர்வது இயல்பு. உயிர் இருப்பது வேரில் மட்டும். வெளியே தெரியும் முடிக்கு எண்ணெய் பளபளப்புத் தரும், உரசலைக் குறைக்கும். அவ்வளவுதான்.

தோலின் வேலைகளில் பெரியது எது என்று கேட்டால் நான் உணர்வைத்தான் சொல்வேன். அதற்குச் சாட்சி பக்கத்திலேயே, கரிகிரியில், 1955-இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை. தொழுநோய்க் கிருமி தோலையும் நரம்பையும் தாக்கி உணர்வை அழிக்கிறது. விரல்கள் குறைந்துபோவதற்குச் சதை அழுகுவது காரணமல்ல. வலி தெரியாததால் சூடும் வெட்டும் கவனிக்கப்படாமல் போவதே காரணம். இதை உலகுக்குப் புரியவைத்தவர் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் 1946 முதல் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். உணர்வைச் சோதிக்க மெல்லிய நைலான் இழையைத் தோலில் வைத்து, அது வளையும்வரை அழுத்துவார்கள். கண்ணை மூடியிருப்பவர் தொட்ட இடத்தைச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோயிலும் உள்ளங்கால் நரம்பு இப்படிப் போகலாம். பெரியப்பாவுக்குச் சர்க்கரை வந்தபின் அந்தச் சோதனை செய்தார்கள். பெருவிரலடியில் இழை தொட்டது அவருக்குத் தெரியவே இல்லை. பார்வைக்குத் தோல் நன்றாகத்தான் இருந்தது. இப்போது மெத்தென்ற எம்சிஆர் ரப்பர் செருப்பு இல்லாமல் அவரை வாசலுக்குக்கூட விடுவதில்லை. உங்கள் வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சோதனையை டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிஷ வேலை.