கார் படங்களுக்கு இரண்டாவது லென்ஸ் எது?

முதன்முறையாக டிஜிட்டல் கேமரா வாங்கியவர்களில் கார் பித்துப் பிடித்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் போதாது என்கிறார்களே, அடுத்ததாக 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை வாங்கிவிடலாமா என்பதுதான் அது. (எஃப் எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் துளை பெரிதாகும்.) விலை குறைவு, எடை குறைவு, பின்னணி அழகாக மங்கும் என்ற காரணங்களைச் சொல்லி எல்லோரும் அந்த லென்ஸையே கைகாட்டுகிறார்கள். வீட்டு விசேஷங்களிலும் குழந்தைகளின் முகத்தைப் படமெடுக்கவும் அது அருமையான லென்ஸ் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கார்களைப் படமெடுப்பதற்கென்றே கேமரா வாங்கிய ஒருவருக்கு அதை இரண்டாவது லென்ஸாக நான் பரிந்துரைக்க மாட்டேன். முகம் ஒரு சாண் அகலம், கார் 4 மீட்டர் நீளம். முகத்துக்கு அருகில் போய் நிற்கலாம். காருக்கு விலகி நின்றே ஆக வேண்டும். எவ்வளவு தூரம் விலகி நிற்க முடியும் என்பதுதான் இங்கே லென்ஸைத் தீர்மானிக்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தொடக்கநிலைக் கேமராக்களில் பெரும்பாலானவை ஏபிஎஸ்-சி எனப்படும் அளவுள்ள சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லு, கொண்டவை. கேனானில் அதன் அகலம் ஏறத்தாழ 22.3 மில்லிமீட்டர், நிக்கானிலும் சோனியிலும் சுமார் 23.5. இந்தியாவில் வரி குறைகிறது என்பதற்காகவே 4 மீட்டருக்குள் அடக்கிக் கட்டப்படும் சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் அரை மீட்டர் இடம் விட்டால், படத்தின் அகலத்துக்குள் 5 மீட்டர் அடங்க வேண்டும். இந்த 5 மீட்டரை லென்ஸின் குவியத் தூரத்தால், அதாவது லென்ஸின் பெயரில் வரும் மில்லிமீட்டர் எண்ணால், பெருக்கிச் சென்சாரின் அகலத்தால் வகுத்தால் நாம் நிற்க வேண்டிய தூரம் கிடைத்துவிடும். கேனான் சென்சாரில் 18 மில்லிமீட்டருக்கு 4 மீட்டர், 35-க்கு 8 மீட்டர், 50-க்கு 11 மீட்டர், 100-க்கு 22 மீட்டர், 250-க்கு 56 மீட்டர்.

இந்த எண்களோடு நம் தெருக்களுக்குள் போய்ப் பாருங்கள். முப்பது அடித் தெரு என்பது சுவருக்குச் சுவர் 9 மீட்டர். அதில் ஓரமாக நிற்கும் காரின் அகலத்தைக் கழித்துவிட்டால், எதிர்ச்சுவரில் முதுகு உரச நின்றாலும் 7 மீட்டருக்கு மேல் கிடைக்காது. 50 மில்லிமீட்டர் லென்ஸோடு அங்கே நின்றால் ஒன்று முன்சக்கரம் வெட்டுப்படும், இல்லையென்றால் டிக்கி வெட்டுப்படும். அந்த இடத்துக்கு 18-55 லென்ஸே போதும்; அதை 24-க்கும் 35-க்கும் இடையில் வைத்துக்கொண்டால் வேலை முடிந்துவிடும். பெரிய மைதானமோ காலியான வாகன நிறுத்துமிடமோ கிடைத்தால் 11 மீட்டர் தள்ளி நிற்கலாம்தான். ஆனால் அவ்வளவு இடம் கிடைக்கும்போது இன்னும் பின்னால் போய் 55-250 போன்ற நீண்ட ஜூம் லென்ஸால் எடுப்பதே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. ஆக, இடம் குறைந்த இடத்தில் 50 மில்லிமீட்டர் நுழையாது, இடம் நிறைந்த இடத்தில் அதைவிடச் சிறந்தது இருக்கிறது.

ஏன் மேல் என்பதற்கு முதல் காரணம் காரின் உருவம். காரை முன்பக்க மூலையிலிருந்து, முகமும் ஒரு பக்கமும் தெரியும்படி எடுப்பதுதான் எல்லோரும் விரும்பும் கோணம். முகப்பு விளக்கிலிருந்து 2 மீட்டரில் நின்று அகலக் கோணத்தில் எடுத்தால், பின்பகுதி ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவில் இருக்கும். முன்பகுதி பின்பகுதியைப் போல மூன்று மடங்கு பெரிதாக விழும். பானெட் ஊதிப்போய், முகப்பு விளக்கு பிதுங்கி, பின்சக்கரம் பொம்மைச் சக்கரமாகச் சிறுத்துவிடும். அதே காரை 20 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால் அருகிலுள்ள முனைக்கும் தொலைவிலுள்ள முனைக்கும் உள்ள விகிதம் 20-க்கு 24 தான். வடிவமைத்தவர் வரைந்த கோடுகள் அப்படியே நிற்கும். இது லென்ஸின் குணம் அன்று, நிற்கும் தூரத்தின் குணம். நீண்ட லென்ஸ் அந்தத் தூரத்தில் நிற்க நமக்கு வழி செய்து கொடுக்கிறது, அவ்வளவே. அம்பாசடரின் உருண்ட மட்கார்டையோ பிரீமியர் பத்மினியின் நேர்க்கோட்டு உடலையோ மொபைல் கேமராவில் அருகிலிருந்து எடுத்து, நேரில் பார்த்த கம்பீரம் படத்தில் இல்லையே என்று வருந்தியவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும்.

இரண்டாவது காரணம் பின்னணி. காருக்குப் பின்னால் 20 மீட்டர் தொலைவில் ஒரு கட்டட வரிசை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 18 மில்லிமீட்டரில் 4 மீட்டர் தள்ளி நின்று எடுக்கும்போது அந்த வரிசையில் 30 மீட்டர் நீளம் படத்துக்குள் வந்துவிடும். டீக்கடை, மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், பிறந்தநாள் வாழ்த்துப் பதாகை என எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. 50 மில்லிமீட்டரில் அது 14 மீட்டராகக் குறைகிறது, 100-இல் 9.5 மீட்டர், 250-இல் 7 மீட்டருக்கும் குறைவு. நம் ஊர்களில் 30 மீட்டர் நீளத்துக்குச் சுத்தமான பின்னணி கிடைப்பது அரிது. 7 மீட்டர் வெற்றுச் சுவரோ ஒரு மரக்கூட்டமோ எந்த ஊரிலும் கிடைக்கும். கறுப்புக் கார்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. பளபளக்கும் கதவில் கேமராவோடு நிற்கும் நம் உருவமே தெரிவது அருகில் நிற்கும்போதுதான்; விலகிப் போகப்போக அது புள்ளியாகச் சிறுத்து மறைகிறது.

பின்னணி மங்குவதற்காகத்தானே எஃப் 1.8 என்று கேட்பீர்கள். முழுக் காரையும் சட்டகத்தில் அடக்கும் தூரத்தில் அந்த மாயம் பெரிதாக நடப்பதில்லை. மிகத் தொலைவில் உள்ள பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை லென்ஸின் துளை விட்டமே முடிவு செய்கிறது, 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் 28 மில்லிமீட்டர், 250-ஐ 5.6-ஆல் வகுத்தால் 45 மில்லிமீட்டர். எஃப் எண்ணைப் பார்த்துச் சோப்ளாங்கி லென்ஸ் என்று ஒதுக்கப்படும் மலிவான ஜூம்தான் இங்கே முந்துகிறது. பின்னணி காருக்குப் பின்னால் சுமார் 60 மீட்டருக்குள் இருந்தால் நிலைமை மாறும், 50 மில்லிமீட்டரே கூடுதலாக மங்கவைக்கும். அதை மறைக்க விரும்பவில்லை. அப்போதும் முன்மூலைக் கோணத்தில் கார் முழுவதும் தெளிவாக இருக்க வேண்டுமென்றால் எஃப் 5.6 அல்லது எஃப் 8-க்கு இறங்கத்தான் வேண்டும், 1.8-க்குக் கொடுத்த காசு அங்கே பையிலேயே தூங்கும்.

நீண்ட லென்ஸுக்கு நம் ஊரில் ஒரு பகை உண்டு, அது வெயில். காலை ஒன்பது மணிக்கு மேல் தார்ச்சாலையிலிருந்து எழும் கானல், 50 மீட்டர் தொலைவில் நிற்கும் காரின் கோடுகளை நெளியவைத்துவிடும். எந்த விலையுயர்ந்த லென்ஸும் அதைச் சரிசெய்யாது. ஆகவே நிற்கும் கார்களுக்கு 85 முதல் 135 வரையிலான பகுதியையே நான் அதிகம் பயன்படுத்துகிறேன். 20 முதல் 30 மீட்டர் தூரம் என்பது கண்டுபிடிக்கக்கூடிய இடம். காரை நகர்த்தச் சொல்லி உரிமையாளரிடம் கத்தினாலும் காதில் விழும்.

ஓடும் கார்களுக்கு வந்தால் இந்தத் தேர்வில் விவாதமே இல்லை. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்கிவரும் 3.7 கிலோமீட்டர் பந்தயத் தடமானாலும், கோவை செட்டிப்பாளையத்தில் பந்தய வீரர் கரிவர்தன் பெயரைத் தாங்கி நிற்கும் தடமானாலும், பார்வையாளருக்குக் கிடைக்கும் இடம் பாதுகாப்புக் கருதித் தள்ளியே இருக்கும். 200, 250 மில்லிமீட்டர் இல்லாமல் அங்கே கார் எறும்பளவுதான். அங்கே தேவைப்படுவது அதிவேக ஷட்டர் என்று நினைப்பது இயல்பு; ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் கார் 1/1000 நொடியில் நகர்வது 3 சென்டிமீட்டருக்கும் குறைவு, சக்கரம் சுழல்வது சுமார் 5 பாகை. படத்தில் அது சாலையில் நிறுத்திவைத்த கார். 1/125-இல் சக்கரம் 40 பாகை சுழலும், 1/60-இல் ஏறத்தாழ கால் சுற்று. காரோடு சேர்ந்து கேமராவை ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே ஷட்டரை அழுத்தும் பானிங் முறையில், இந்த வேகங்களில்தான் கார் தெளிவாகவும் சாலையும் சக்கரமும் கோடுகளாகவும் விழும். வளைவில் வேகம் குறையும் இடத்தைத் தேர்ந்துகொண்டு 1/250-இல் தொடங்கி, கை பழகப் பழக இறங்கி வரலாம். உச்சி வெயிலில், ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-இல் 1/100 நொடிக்கு எஃப் 16 வேண்டியிருக்கும். பானிங்குக்கு அகன்ற துளை லென்ஸ் எதற்கு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கம்பிவேலி குறுக்கே வந்தால் மட்டும் லென்ஸை அதை ஒட்டி வைத்து, துளையை முழுதும் திறந்துவிட்டால் கம்பி கரைந்துவிடும். லென்ஸின் அதிர்வுக் குறைப்பு வசதி சிலவற்றில் பானிங்கைத் தானாக உணர்ந்துகொள்ளும். உணரும் என்று கையேட்டில் இல்லையென்றால் அணைத்துவிடுவது நல்லது.

லென்ஸுக்கு அடுத்து, சில சமயம் லென்ஸுக்கும் முன்பாகவே, நான் காசு செலவழிக்கச் சொல்வது வட்டப் போலரைசர் வடிகட்டிக்கு. காரின் வண்ணப்பூச்சும் கண்ணாடியும் பிரதிபலிக்கும் வெள்ளை வானத்தை, சாய்வான கோணத்தில் பார்க்கும்போது அது வெகுவாகக் குறைத்து, அடியில் இருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவரும். பளபளக்கும் குரோமில் அதன் பாச்சா பலிக்காது. பாதிக்கும் மேற்பட்ட ஒளியை விழுங்கிவிடும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பகல் பானிங்குக்கு அதுவே உதவியாகவும் அமையும். பின்கண்ணாடியில் திடீரென்று புள்ளி புள்ளியாக ஒரு வடிவம் தெரிந்தால் பதற வேண்டாம். கண்ணாடியைக் கடினப்படுத்தியபோது உள்ளே உறைந்த அழுத்தம்தான் அப்படித் தெரிகிறது. வடிகட்டியைச் சற்றுத் திருப்பினால் குறையும்.

கடையில் கவனிக்க வேண்டிய சில சூட்சுமங்கள் உண்டு. கேனான் 1500டி கேமராவை 18-55, 55-250 என இரண்டு லென்ஸ்களோடு சேர்த்து விற்றார்கள். என் கணக்கில் கார் பித்தருக்கு அந்த இரட்டைத் தொகுப்பே சரியான தொடக்கம். இரண்டுக்கும் 58 மில்லிமீட்டர் வடிகட்டி ஒன்றே போதும். ஆனால் ஐஎஸ் 2 என்று குறிப்பிடப்பட்ட பழைய வகைகளில் குவியம் மாறும்போது லென்ஸின் முன்பகுதியும் சுழலும், அதோடு போலரைசரும் சுழன்றுவிடும். எஸ்டிஎம் என்று குறிப்பிடப்பட்ட வகையில் இந்தத் தொல்லை இல்லை, ஓடும் காரையும் அது விரைவாகப் பிடிக்கும். நிக்கான் டி3500 போன்றவற்றின் உடலில் குவிய மோட்டார் கிடையாது, எனவே மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மில்லிமீட்டர் 1.8டி வாங்கினால் கையால்தான் குவியம் பிடிக்க வேண்டும். நிக்கானின் 70-300 ஏஎஃப்-பி லென்ஸ் அதிர்வுக் குறைப்போடும் இல்லாமலும் இரண்டு வகையாக வருகிறது. அதிர்வுக் குறைப்பைக் குறிக்கும் விஆர் என்ற எழுத்துகளைப் பெட்டியில் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதே ஏஎஃப்-பி லென்ஸ்கள் டி3100, டி5100 போன்ற பழைய உடல்களில் குவியம் பிடிக்காது. கேனான் ஆர்50 போன்ற, உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்களுக்கு 18-45, 55-210 என்ற இணை. நீண்ட முனையில் துளை எஃப் 7.1 ஆகச் சுருங்குவதால் அந்தி சாய்ந்த பிறகு அது திணறும்.

இரவில் எடுப்பது தனிக் கதை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருத்தடத்தில் விளக்கொளியில் பந்தயம் நடந்தது நினைவிருக்கும். அத்தகைய இடங்களில் 70-200 எஃப் 2.8 வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதன் விலையும், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையும் முதல் கேமராவுக்குப் பொருந்தாதவை. நிறுத்திவைத்த காரை இரவில் எடுக்க முக்காலி இருந்தால் கேமராவோடு வந்த கிட் லென்ஸே போதும். முக்காலி வைக்க இடமில்லாத கூட்டத்திலும் இருட்டான கொட்டகைகளிலும் 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 கைகொடுக்கும், 50-ஐவிட அதற்குத்தான் என் ஓட்டு. காரின் உட்புறத்தை, பின்னிருக்கையிலிருந்து டாஷ்போர்டு முழுவதும் தெரிய எடுக்க 10-18 போன்ற அகலக் கோண லென்ஸ் தேவைப்படும். விற்பனைக்காகக் கார் படமெடுப்பவர்கள் தவிர மற்றவர்கள் அதைத் தள்ளிப்போடலாம்.

இவற்றில் பெரும்பாலானவை பழையவையாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கடலோர ஊர்களில் பழைய லென்ஸ் வாங்கும்போது மட்டும் மொபைல் டார்ச்சை ஒரு முனையிலிருந்து அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். நூலாம்படை போல வெள்ளை இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நல்ல லென்ஸாக வாங்கியதையும் அலமாரியில் தோல் பைக்குள் அடைத்து வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு, ஈரப்பதத்தைக் காட்டும் சிறிய மீட்டர் ஒன்றையும் உள்ளே வைத்து, அது 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.