1971, மெக்சிகோ: நிரம்பிய அரங்கும் பணம் கேட்ட பெண்களும்

1971 செப்டம்பர் 5 அன்று மெக்சிகோ நகரின் அஸ்டெகா அரங்கில் சுமார் 1,10,000 பேர் கூடியிருந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முந்தைய ஆண்டு இதே புல்தரையில்தான் பெலேயின் பிரேசில் அணி இத்தாலியை 4-1 என்று வீழ்த்தி உலகக் கோப்பையைத் தூக்கியது. இம்முறை அங்கே ஆடியவர்கள் டென்மார்க், மெக்சிகோ நாட்டுப் பெண்கள். டென்மார்க் 3-0 என்று வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் சுசான் அகஸ்டசன் என்ற 15 வயதுப் பெண். ஓர் உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் அந்த வயதில் ஹாட்ரிக் அடித்தவரின் பெயரைக் கால்பந்துப் பைத்தியங்கள் நிறைந்த எங்கள் பகுதியில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பகுதி என்றால் பெங்களூரின் ஆஸ்டின் டவுன், அல்சூர், கௌதமபுரம் என்று தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் வட்டாரம். கௌதமபுரத்தில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா ஆகியோருக்குச் சிலை வைத்தவர்கள் பெலேவுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள் என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம். அங்கே கால்பந்தோடு வளர்ந்தவர், உள்ளூர்ப் போட்டிகள் பலவற்றை முன்னின்று நடத்தியவர், என் பெரியப்பா. பெண்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் மாறாமல் ஒன்றைச் சொல்வார்: "பொம்பளைப் பிள்ளைங்க மேட்சுக்குக் கூட்டம் வராதும்மா. கூட்டம் வராத ஆட்டத்துக்கு எவன் காசு போடுவான்?" அவருக்காகத்தான் மெக்சிகோ கதையை முதலில் தேடிப் படித்தேன்.

போட்டியை நடத்தியது உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா அல்ல. இத்தாலியை மையமாகக் கொண்டு, பெண்கள் கால்பந்துக்கென்று தனியாகத் தொடங்கப்பட்ட ஓர் ஐரோப்பியக் கூட்டமைப்பு, மார்ட்டினி & ரோஸ்ஸி என்ற மதுபான நிறுவனத்தின் பணத்தைக் கொண்டு 1970 ஜூலையில் இத்தாலியில் முதல் போட்டியை நடத்தியது. டூரின் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் டென்மார்க் இத்தாலியை 2-0 என்று வென்றது. மெக்சிகோ மூன்றாமிடம் பெற்றது. அந்தப் போட்டியின் வெற்றி தந்த துணிச்சலில் அடுத்த ஆண்டுப் போட்டியை மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். மெக்சிகோ, அர்ஜென்டினா, இங்கிலாந்து, டென்மார்க், பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஆறு அணிகள் ஆகஸ்ட் 15 முதல் மூன்று வாரங்கள் ஆடின.

ஃபிஃபா சும்மா இருக்கவில்லை. தன்னோடு இணைந்த மைதானங்களை இந்தப் போட்டிக்குத் தரக்கூடாது என்றும் தந்தால் அபராதம் என்றும் மெக்சிகோ சங்கத்தின் வழியாக எச்சரித்தது. ஆனால் மெக்சிகோ நகரின் அஸ்டெகாவும் குவாதலஹாராவின் ஹலிஸ்கோ அரங்கும் தனியார் வசம் இருந்ததால் அந்த மிரட்டல் அவற்றிடம் செல்லுபடியாகவில்லை. விளைவாக, சிறிய மைதானங்களில் முடங்கியிருக்கக்கூடிய ஒரு போட்டி நாட்டின் மிகப் பெரிய அரங்குகளுக்குள் நுழைந்துவிட்டது. தடை போட்டவர்களே செய்த உபகாரம் என்று இதை நான் ரசித்துக்கொள்வதுண்டு.

அமைப்பாளர்களையும் புனிதர்களாக்க வேண்டியதில்லை. கோல் கம்பங்களுக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாய் வண்ணம் பூசினார்கள். உடை மாற்றும் அறைகளில் அழகு நிலையம் வைக்கப்போவதாகப் பத்திரிகைகளிடம் பெருமையாகச் சொன்னார்கள். இந்த அலங்காரங்களுக்கு நடுவே அர்ஜென்டினாப் பெண்கள் பயிற்சியாளரோ மருத்துவரோ ஆணி வைத்த பூட்ஸோ இல்லாமல் வந்து இறங்கி, ஆகஸ்ட் 21 அன்று இங்கிலாந்தை 4-1 என்று தோற்கடித்தார்கள். நான்கு கோல்களும் எல்பா செல்வாவுடையவை. அந்தத் தேதி இப்போது அர்ஜென்டினாவில் பெண் கால்பந்து வீராங்கனைகளின் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மெக்சிகோ அணியின் நட்சத்திரமான அலிசியா வர்காஸை ரசிகர்கள் 'லா பெலே' என்றே அழைத்தார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியப்பா கூட்டத்தைப் பற்றி மறுத்துப் பேசவில்லை. போட்டி நடத்திய மனிதருக்கே உரிய கேள்வியைத்தான் கேட்டார்: "சரி, கலெக்‌ஷன் யாருக்குப் போச்சு?"

கேட்கவேண்டிய கேள்வி அதுதான். மெக்சிகோ அணி அர்ஜென்டினாவையும் இங்கிலாந்தையும் அரையிறுதியில் இத்தாலியையும் வென்று இறுதிக்கு வந்தபோது வீராங்கனைகளும் அதைத்தான் கேட்டார்கள். அரங்கு நிறைகிறது, டிக்கெட் விற்கிறது, சட்டையும் பொம்மையும் விற்கின்றன, தொலைக்காட்சி ஒளிபரப்புகிறது. ஆடுகிற எங்களுக்கு மட்டும் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்டு, அணிக்கு 20 லட்சம் பெசோ தராவிட்டால் இறுதியாட்டத்துக்கு இறங்கமாட்டோம் என்று அறிவித்தார்கள். அதுவரை தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பத்திரிகைகள் ஒரே இரவில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. நாட்டுக்காக ஆடவேண்டிய பெண்களுக்குப் பணத்தாசையா என்ற தொனியில் செய்திகள் வந்தன. கடைசியில் கோரிக்கை நிறைவேறாமலேயே அவர்கள் ஆடத்தான் செய்தார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாட்களை இந்த இழுபறியில் கழித்த அணி 3-0 என்று தோற்றதில் எனக்கு வியப்பில்லை. அதற்காக டென்மார்க்கின் வெற்றி சிறியதாகிவிடாது, அவர்கள் முந்தைய ஆண்டும் வென்றவர்கள். ஆண்கள் அணி பரிசுத்தொகை கேட்டால் அது பேரம். பெண்கள் அணி கேட்டால் பேராசை. இந்தக் கணக்கை 1971இல் மெக்சிகோவில் மட்டும் போட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இங்கிலாந்து அணியை அழைத்துச்சென்ற ஹாரி பேட்டும் அவருடைய வீராங்கனைகளும் ஊர் திரும்பியதும் தடைகளுக்கு உள்ளானார்கள். அந்த அணியில் 13 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பியச் சங்கமான யூஃபா, பெண்கள் கால்பந்தைத் தங்கள் நிர்வாகத்தின்கீழ் எடுத்துக்கொள்ளும்படி உறுப்பு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. லட்சம் பேர் கூடிய பிறகு அதைத் தனியார் கையில் விட்டுவைக்க அவர்களுக்கு மனமில்லை என்றே நான் வாசிக்கிறேன். ஃபிஃபாவின் முதல் பெண்கள் உலகப் போட்டி சீனாவில் நடக்க 1991 ஆனது. அதிலும் ஆட்டத்துக்கு 80 நிமிடங்கள்தான் கொடுத்தார்கள். அஸ்டெகாவை நிரப்பிய மெக்சிகோ அந்தப் போட்டிக்கு முதன்முறை தகுதி பெற்றது 1999இல். அங்கே பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியது 2017இல்.

நம் பக்கத்திலும் இதே காலத்தில் ஒரு தனிப் பாதை ஓடிக்கொண்டிருந்தது. ஆசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பு 1975இல் ஹாங்காங்கில் முதல் ஆசியப் போட்டியை நடத்தியது. அதே ஆண்டில் இந்தியாவிலும் ஆண்களின் சங்கத்துக்கு வெளியே பெண்களுக்கென ஒரு சம்மேளனம் உருவானது. 1980 ஜனவரியில் ஆசியப் போட்டி கோழிக்கோட்டுக்கே வந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. இறுதியில் தைவானிடம் 2-0 என்று தோற்றது. 1983இல் பாங்காக்கில் தாய்லாந்திடம் மீண்டும் இறுதியில் தோல்வி, இம்முறை 3-0. அந்த ஆண்டுதான் சாந்தி மல்லிக், அர்ஜுனா விருது பெற்ற முதல் இந்தியக் கால்பந்து வீராங்கனை ஆனார்.

1986இல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்தப் பெண்கள் அமைப்பைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது பழைய போட்டிகளை ஒதுக்கித் தள்ளவில்லை. 1975 முதல் நடந்த அனைத்தும் இன்று ஆசியக் கோப்பையின் வரலாற்றிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால்தான் இந்தியா இருமுறை இரண்டாமிடம் பெற்ற நாடு என்று பதிவாகியிருக்கிறது. ஃபிஃபாவோ உலகக் கோப்பைகளை 1991இலிருந்துதான் எண்ணுகிறது. ஆசியாவில் முடிந்த காரியம் ஃபிஃபாவின் தலைமையகம் இருக்கும் ஜூரிக்கில் ஏன் முடியாது என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை.