பழைய பாய்லர் வாங்கிய கதை

ஜனவரிக் குளிரில் லண்டன் வீட்டு பாய்லர் மண்டையைப் போட்டது. புதியது கட்டுப்படியாகாது என்று, யாரோ கழற்றி வைத்திருந்த 3 வருடப் பழைய காம்பி பாய்லரை (வீட்டுச் சூடு, குழாய் வெந்நீர் இரண்டையும் ஒன்றே தரும் வகை) 250 பவுண்டுக்குத் தூக்கி வந்தேன். மாட்ட ஆள் வேண்டுமே! இங்கே கேஸ் வேலையை ‘கேஸ் சேஃப்’ என்ற அதிகாரப்பூர்வப் பட்டியலில் பதிவு உள்ளவர்தான் தொடலாம், சட்டம் அப்படி. நான்கு பேர் “செகண்ட் ஹேண்டா?” என்று கேட்டதுமே போனை வைத்துவிட்டார்கள். ஐந்தாமவர் வந்தார். புகைக்குழாய் புதிதாக வாங்கச் சொன்னார். பாய்லரின் வெந்நீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைத் திறந்தால் கறுப்புச் சேறு. அதைக் கழுவாமல் மாட்டினால் பாய்லருக்குள் போய் அடைத்துக்கொள்ளுமாம். அதற்குத் தனிக் காசு. எல்லாம் சேர்த்து 1,100 பவுண்டு, வாரண்டி கிடையாது. சரி, தண்ணீர் அழுத்தம் காட்டும் பிரஷர் முள் 1.5 பாரில் (பார் என்பது அழுத்த அளவு) அசையாமல் நிற்கிறது, வீடு சூடாகிவிட்டது. அம்மா மட்டும் இன்னும் குல்லாவைக் கழற்றவில்லை.