தாத்தா எத்தனையாவது பாரம் வரை படித்தார்? – பழைய பள்ளிப் பதிவேட்டில் தேடிய அனுபவம்

எங்கள் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் கணக்கு எழுதுகிற வேலை. அவர் எழுதிய சில நோட்டுகள் இன்னும் ராயபுரம் வீட்டில் இருக்கின்றன. ஆங்கில எழுத்து அவ்வளவு சுத்தமாக இருக்கும். ஆனால் வீட்டில் யாரைக் கேட்டாலும், "தாத்தா எங்கப்பா படிச்சாரு, பாதியில நின்னுட்டாரு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்தப் பாதி, ஏன் நின்றார் என்பது யாருக்கும் தெரியாது. அவர் படித்தது ஜார்ஜ் டவுனில் ஒரு ஆண்கள் பள்ளி என்பது மட்டும் உறுதி. அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. அதனால் பதிவேட்டைத் தேடலாம் என்று இறங்கினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருந்தால் இந்த அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். சேர்க்கைப் பதிவேடு அட்மிஷன் நம்பர் வரிசையில்தான் இருக்கும். சேர்ந்த வருடம் தெரியாமல் போனால் அலுவலகத்தில் இருப்பவர்களும் பாவம், என்ன செய்வார்கள்? தாத்தாவின் பென்ஷன் காகிதத்தில் பிறந்த வருடம் 1926 என்று இருந்தது. அந்தக் காலத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்தால் ஹைஸ்கூலில் முதல் பாரம். அதாவது இன்றைய ஆறாம் வகுப்பு. ஆறாவது பாரம் முடித்தால் எஸ்.எஸ்.எல்.சி. இந்தக் கணக்கை வைத்து, 1936 முதல் 1939 வரை பார்த்தால் போதும் என்று குறித்துக்கொண்டேன்.

தலைமையாசிரியருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் சொல்லி, தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் நகல், அப்பாவின் ஆதார், என்னுடைய ஆதார் மூன்றையும் இணைத்தேன். முதல் பதில், "அவ்வளவு பழசு எல்லாம் இல்லை சார்" என்பதுதான். கடிதத்தை வாங்கவே இல்லை. அங்கேயே விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. அப்புறம் பள்ளியின் தாளாளரைப் பார்க்க நேரம் கேட்டேன். இது அரசு உதவி பெறும் பள்ளி, பழைய ஆவணங்கள் விஷயத்தில் முடிவெடுப்பது நிர்வாகம். அவர் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். சான்றிதழ் எதுவும் வேண்டாம், பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும் என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. ஜூன், ஜூலையில் வரவேண்டாம், அட்மிஷனும் டி.சி.யுமாக ஆபீஸ் நிறைந்திருக்கும் என்றார். காலாண்டு விடுமுறையில் வரச் சொன்னார்.

பதிவேடுகள் ஒரு மரப் பீரோவில் இருந்தன. மேல்தட்டில் இருந்தவை நன்றாகவே இருந்தன. கீழ்த்தட்டில் வெள்ளத்தின்போது தண்ணீர் ஏறியிருக்கிறது. சில புத்தகங்கள் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்துவிடும் நிலையில் கிடந்தன. அதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான பையன்கள் அந்தக் கட்டிக்குள் இருக்கிறார்கள்.

1938-ஆம் வருடப் புத்தகம் பிழைத்திருந்தது. அகலமான பக்கம், ஆங்கிலத்தில் தலைப்பு அச்சடித்த கட்டங்கள். பெயர், தகப்பன் பெயர், தகப்பன் தொழில், மதம், சாதி, பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விட்டுப்போன தேதி, போன காரணம். தாத்தாவைத் தேடப் போன நான் தகப்பன் தொழில் கட்டத்திலேயே வெகுநேரம் நின்றுவிட்டேன். துபாஷ் (வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர்), வக்கீல் குமாஸ்தா, பாத்திரக் கடை என்று வரும் பெயர்களுக்கு நடுவே அச்சுக் கோப்பவர், ரயில்வே பிட்டர், மீனவர், கூலி என்று வருகிறது. சில பெயர்களுக்கு நேரே அரைச் சம்பளம் என்ற குறிப்பு. பள்ளிக் கட்டணத்தை அப்போது சம்பளம் என்றுதான் சொல்வார்கள். யார் முழுச் சம்பளம் கட்டினார்கள், யார் பாதி கட்டினார்கள் என்பது அந்த ஊரின் வரலாறு இல்லையா?

இந்தக் கட்டங்களில் சாதிக்கு ஒரு கட்டம் இருப்பதும் சும்மா இல்லை. ஜார்ஜ் டவுனில் இந்த வகைப் பள்ளிகளின் தொடக்கத்திலேயே அந்தச் சண்டை இருக்கிறது. 1837-ல் ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் அரண்மனைக்காரத் தெருவில் தொடங்கிய பள்ளிதான் பின்னால் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆனது. அங்கே பறையர் சமூகத்துப் பையன்களைச் சேர்த்தபோது மற்றவர்கள் எதிர்த்தார்கள், பலர் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஆண்டர்சன் இறங்கி வரவில்லை. 1842-ல் பச்சையப்ப முதலியார் அறக்கட்டளைப் பணத்தில் பிராட்வேயில் ஒரு பள்ளி வந்தது. மிஷனரிப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அங்கே இந்துப் பையன்களுக்கு மட்டும்தான் இடம்.

தாத்தாவின் பெயர் கிடைத்தது. 1938-ல் முதல் பாரத்தில் சேர்ந்திருக்கிறார். தகப்பன் தொழில், கூலி. முன்பு படித்தது மாநகராட்சி ஆரம்பப் பள்ளி. எனக்குக் கை நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் சேர்ந்த அந்த வருடம் வடசென்னைப் பையன்களுக்குச் சாதாரண வருடம் இல்லை. ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் முதல் மூன்று பாரங்களுக்கு இந்தியைக் கட்டாயமாக்கியது அப்போதுதான். தங்கசாலையில் இந்து தியாலஜிக்கல் ஹைஸ்கூல் வாசலில் மறியல் நடந்தது. அங்கே மறியல் செய்து கைதான பெரம்பூர் நடராசன் 1939 ஜனவரியில் இறந்தார், மார்ச்சில் தாளமுத்து. இருவரையும் அடக்கம் செய்தது மூலக்கொத்தளத்தில். 1940 பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தாத்தா முதல் இரண்டு பாரங்களைப் படித்ததெல்லாம் இந்தக் கொந்தளிப்புக்கு நடுவில். பதிவேட்டில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

விட்டுப்போன தேதிக் கட்டத்தில் 1942 ஏப்ரல் என்று இருந்தது. நான்காவது பாரம் முடிந்த சமயம். போன காரணம், ஊரை விட்டுப் போனார். அவருக்கு மட்டுமல்ல, அதே பக்கத்தில் அடுத்தடுத்துப் பல பெயர்களுக்கு அதே மாதம். அந்த மாதத் தொடக்கத்தில் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று பயந்து நகரமே காலியானது. அரசு அலுவலகங்கள்கூட வெளியூர்களுக்குப் போயின. துறைமுகத்தை ஒட்டி இருந்த ராயபுரமும் பழைய வண்ணாரப்பேட்டையும் எப்படி இருந்திருக்கும்? போனவர்களில் வசதியான வீட்டுப் பையன்கள் திரும்பி வந்து மறுபடி சேர்ந்திருக்கிறார்கள், அதற்கும் பதிவு இருக்கிறது. தாத்தா பெயர் மறுபடி வரவில்லை. திரும்பி வந்ததும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

பாதியில் நின்றவர் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தவர், தேறித் தேறி நான்கு பாரங்கள் ஏறியவர். கூலி வேலை செய்த அப்பாவின் பிள்ளை. நிற்க வைத்தது ஒரு யுத்தம். அப்படியே ஆறாவது பாரம் முடித்திருந்தாலும் அடுத்து எங்கே போயிருப்பார் என்று யோசித்தேன். கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரம் போய்விட்டது. பச்சையப்பன் கல்லூரி 1940-ல் சேத்துப்பட்டு போனது. நல்ல காற்றும் பெரிய மைதானமும் கல்லூரிகளுக்குக் கிடைத்தன, வடசென்னைப் பையன்களுக்கு நடக்கும் தூரத்தில் இருந்த இரண்டு பெரிய கல்லூரிகள் இல்லாமல் போயின. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி வந்தது 1950-ல். எனக்கு இது இன்றும் வருத்தம்தான்.

பள்ளிகளின் முன்னேற்றத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சென்னை மாகாணப் பொதுக்கல்வித் துறையின் வருடாந்தர அறிக்கைகள் உண்டு. பள்ளிகள் எத்தனை, பையன்கள் எத்தனை, தேறியவர்கள் எத்தனை என்று எல்லாம் இருக்கும். இடையில் நின்ற ஒருவனின் பெயரும் காரணமும் வேண்டும் என்றால் பள்ளிப் பதிவேடு ஒன்றுதான் வழி.

குறித்துக்கொண்டதைத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் காட்டினேன். தலைமையாசிரியர் பதிவேட்டோடு சரிபார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். கேட்காமலே செய்தார். ஈரம் பட்ட புத்தகங்களைப் பற்றித் தாளாளருக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன். நல்ல நிலையில் இருப்பவற்றை முதலில் ஸ்கேன் செய்ய முன்னாள் மாணவர்கள் சிலர் சம்மதித்திருக்கிறார்கள். 1930-களில் இருந்து தொடங்குகிறோம்.