மெயில் வருகிறது, போகவில்லை: இணையச் சேவை மின்னஞ்சலைத் தண்டர்பேர்டில் அமைப்பது

வீட்டு இணையத்தோடு கிடைத்த மின்னஞ்சல் முகவரியை இன்னும் விடாமல் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர். சிங்டெலின் இணையச் சேவையான சிங்நெட் தொடங்கியது 1994இல். அப்போதிலிருந்து அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வாங்கிய முகவரிதான் பலருக்கு வங்கியிலும் காப்புறுதியிலும் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடமும் பதிவாகியிருக்கும். விண்டோஸில் கூடவே வந்த பழைய 'மெயில்' செயலியை மைக்ரோசாப்ட் 2024 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டதால், வேறு நிரலுக்கு மாற வேண்டிய கட்டாயமும் சேர்ந்துவிட்டது.

நாங்கள் பரிந்துரைப்பது தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரல். இலவசம், மெயில் உங்கள் கணினிக்கும் சேவை நிறுவனத்தின் சர்வருக்கும் இடையே நேரடியாகப் போய்வரும். புதிய அவுட்லுக்கில் இப்படிப்பட்ட கணக்கைச் சேர்த்தால் மெயில் மைக்ரோசாப்டின் மேகக் கணினி வழியாக ஒத்திசைக்கப்படும். சேர்க்கும்போது ஒரு திரையில் அதைச் சொல்லித்தான் அனுமதி கேட்கிறது. பலர் படிக்காமலே 'தொடர்' அழுத்திவிடுகிறார்கள்.

நிரலைத் திறக்குமுன் கையில் இருக்க வேண்டியவை: முழு முகவரி, மெயில் கடவுச்சொல், உள்வரும் சர்வரின் பெயர், வெளிச்செல்லும் சர்வரின் பெயர். பில் பார்க்கும் தளத்தின் கடவுச்சொல்லும் மெயிலின் கடவுச்சொல்லும் பெரும்பாலும் வேறு வேறு. அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதலில் பிரௌசரில் வெப்மெயிலுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே திறக்காத கடவுச்சொல் எந்த நிரலிலும் திறக்காது. சர்வர் பெயர்களை நிறுவனத்தின் உதவிப் பக்கத்திலிருந்தே எடுங்கள். தேடலில் அகப்படும் பழைய குறிப்புகள், சர்வரின் எந்த வாசல் வழியாகப் பேசுவது என்று காட்டும் போர்ட் எண்ணை 110, 25 என்று, குறியாக்கம் இல்லாத காலத்து எண்களாகச் சொல்லும்.

அடுத்தது, மெயிலைச் சர்வரிலிருந்து பெறும் இரண்டு முறைகளில் பாப் வேண்டுமா, ஐமேப் வேண்டுமா என்ற முடிவு. இதை அவசரமாக எடுக்கக் கூடாது. ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும். கைத்தொலைபேசியில் படித்தது கணினியிலும் படித்ததாகவே தெரியும். பாப் இன்பாக்ஸை மட்டும் கணினிக்கு இறக்கும். வெப்மெயிலில் இருக்கும் 'சென்ட்', 'ஸ்பேம்' எதுவும் அதற்குத் தெரியாது. பாப்பில் உண்மையான ஆபத்து 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்ற ஒரே ஒரு பெட்டி. அது டிக் இல்லாமல் இருந்தால், இறக்கியதும் சர்வரில் இருப்பது அழிக்கப்படும். அப்பாவின் கணினியில் ஒருமுறை 'கெட் மெசேஜஸ்' அழுத்திய பிறகு அவர் கைத்தொலைபேசியில் இன்பாக்ஸ் காலியாகிவிட்டது என்றால் காரணம் இதுதான். டிக் இருந்தாலும், அதன் கீழே '14 நாள் வரை' என்ற வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கருவிகளில் மெயில் பார்ப்பவருக்கு ஐமேப்தான். அஞ்சல்பெட்டியின் அளவு மிகச் சிறியதாக இருந்து அடிக்கடி நிரம்பினால் மட்டும் பாப் பற்றி யோசிக்கலாம்.

தண்டர்பேர்டில் பெயர், முகவரி, கடவுச்சொல் கொடுத்தால் அது தானே சர்வரைத் தேடும். தெரிந்த நிறுவனமாக இருந்தால் பட்டியலிலிருந்து எடுக்கும். இல்லையென்றால் முகவரியின் பின்பாதிக்கு முன்னால் 'ஐமேப்', 'மெயில்' என்று ஒட்டி ஊகித்துப் பார்க்கும். ஊகம் தவறலாம். அதனால் 'கான்ஃபிகர் மேனுவலி'க்குப் போய் ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். ஐமேப்புக்கு போர்ட் 993, பாப்புக்கு 995, இரண்டுக்கும் குறியாக்க முறை 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. உறுதிப்படுத்தும் முறை 'நார்மல் பாஸ்வர்டு'. 'என்கிரிப்டட் பாஸ்வர்டு' என்பது பெயரைப் பார்த்தால் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் இணைப்பே குறியாக்கத்தில் இருக்கும்போது அது தேவையில்லை. பல சர்வர்கள் அதை ஏற்பதும் இல்லை. பயனர் பெயராகச் சில நிறுவனங்கள் முழு முகவரியைக் கேட்கும், சில முன்பாதியை மட்டும். ஒன்று ஓடவில்லையென்றால் மற்றதைப் போடுங்கள்.

இதுவரை வந்தால் மெயில் வந்துவிடும். சிக்கல் பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். உள்வருவதும் வெளிச்செல்வதும் வேறு வேறு சர்வர், வேறு போர்ட். கடவுச்சொல்கூட இரண்டு இடத்தில் தனித்தனியாகச் சேமிக்கப்படும். 'சேவ்டு பாஸ்வர்ட்ஸ்' பட்டியலைத் திறந்தால் ஒரே முகவரிக்கு 'ஐமேப்' என்று ஒரு வரி, வெளிச்செல்லும் மெயிலுக்கு 'எஸ்எம்டிபி' என்று ஒரு வரி இருக்கும். கடவுச்சொல்லை மாற்றிய பிறகு ஒன்று மட்டும் புதிதாகி மற்றது பழையதாகவே நின்றால், மெயில் வரும், போகாது. இரண்டு வரியையும் நீக்கிவிட்டு நிரலை மறுபடி திறந்தால், அது புதிதாகக் கேட்கும்.

வெளிச்செல்லும் சர்வருக்கு போர்ட் 465 என்றால் 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்', 587 என்றால், இணைந்த பிறகு குறியாக்கத்தைத் தொடங்கும் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்'. இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் இணைப்பு கிடைக்காது. 465இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் வைத்தால் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து 'டைம் அவுட்' ஆகும். பழைய கணக்குகளில் 'நோ ஆதென்டிகேஷன்', அதாவது கடவுச்சொல் இல்லாமலே அனுப்புவது, என்று இருப்பதைப் பார்க்கலாம். முன்பு, சொந்த வாடிக்கையாளரின் இணைப்பிலிருந்து வரும் மெயிலை நிறுவனங்கள் கேள்வி கேட்காமல் அனுப்பிவைத்தன. அந்தக் கணக்கோடு அலுவலக வைஃபைக்குப் போனால் 'ரிலே ஆக்சஸ் டினைட்' என்று 554 எண்ணுடன் திரும்பி வரும். 535 வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. பிழைச் செய்தியை மூடிவிடாமல் அந்த மூன்று இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதவி எண்ணில் பேசும்போது அதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆகவே சோதனையை வீட்டு வைஃபையில் மட்டும் செய்யாதீர்கள். கைத்தொலைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு, கணினியை அதில் இணைத்து, உங்களுடைய வேறொரு முகவரிக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பதிலும் போடுங்கள். இரண்டும் போய்வந்தால் அமைப்பு சரி.

சர்வரின் அடையாளச் சான்றிதழ் பற்றி எச்சரிக்கை வந்தால் உடனே 'கன்ஃபர்ம்' அழுத்த வேண்டாம். கணினியின் தேதி தவறாக இருக்கலாம். வைரஸ் தடுப்பு நிரல் நடுவில் புகுந்து மெயிலைச் சோதிக்கலாம். சர்வர் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கலாம். பழைய கணினியாக இருந்தால் டிஎல்எஸ் 1.2 என்ற குறியாக்கப் பதிப்பு இல்லாமையும் காரணமாகலாம். விண்டோஸ் 7இல் இருக்கும் பழைய அவுட்லுக் அதைத் தானாகப் பேசாது.

இணைப்புக் கோப்புகள் அனுப்பும்போது மூன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் பெருகும். 10 எம்பி படம் 13 எம்பியைத் தாண்டிப் போகும். வரம்புக்குள் இருந்த கோப்பு ஏன் திரும்பி வந்தது என்ற கேள்விக்கு இதுவே பதில்.

தமிழ்க் கணினிக்கான தமிழ்நெட் 97 மாநாடு நடந்த ஊர் இது; இங்கே பழைய பெட்டிகளில், யூனிகோடு பரவுமுன் புழங்கிய டிஸ்கி எழுத்துருவில் வந்த கடிதங்கள் இருக்கும். அவை திரையில் ஐரோப்பிய எழுத்துக் குப்பையாகத் தெரியும். கெட்டுப்போய்விட்டன என்று அழித்துவிடாதீர்கள். உரையை நகலெடுத்து டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் இட்டால் தமிழ் திரும்பி வரும்.

கணக்கு அமைத்த சில நாளில் 'அஞ்சல்பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே கிளிக் செய்யுங்கள்' என்று மெயில் வந்தால் தொடாதீர்கள். கடவுச்சொல்லை நிரல் கேட்டால் தன் சொந்தச் சிறு பெட்டியில் கேட்கும். மெயிலில் லிங்க் அனுப்பிக் கேட்காது. சந்தேகமாக இருந்தால் மோசடி பற்றிய உதவி எண்ணான ஸ்கேம்ஷீல்டின் 1799க்கு அழையுங்கள்.

ஒப்பந்தம் முடிந்து வேறு நிறுவனத்துக்கு மாறுகிறவர்கள் பழைய முகவரி நிலைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சேவையை ரத்து செய்யுமுன் ஐமேப் கோப்புறைகளை ஒவ்வொன்றாக 'லோக்கல் ஃபோல்டர்ஸ்'க்கு நகலெடுங்கள். ஆயிரக்கணக்கில் ஒரேயடியாக இழுத்தால் பாதியில் நிற்கும்; ஆண்டு வாரியாகச் செய்யுங்கள். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு, அந்த நகலிலிருந்து மிகப் பழைய மெயில் ஒன்றையும் அதன் இணைப்புக் கோப்பையும் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகே ரத்துக் கடிதம் அனுப்புங்கள்.